ஆகாரமும் ஊளைச் சதையும்

சங்கத்தின் கணக்கில் வரவு மிஞ்சினால் லாபம். தேகத்தின் கணக்கிலோ அதுவே கடன். உண்ணும் ஆகாரம் உழைப்பின் செலவுக்கு மிஞ்சினால், எஞ்சியது கொழுப்பாகச் சேர்கிறது. நாளடைவில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் என்னும் வட்டியுடன் அக்கடன் வசூலாகிறது.

ஏற்றம் இறைத்தலும் நெல் குத்துதலும் இன்று மோட்டாருக்கும் ஆலைக்கும் உரிய வேலைகளாயின. உழைப்பு குறைந்தும் சோற்றின் அளவு குறையவில்லை. மேலும், ஆலையில் தீட்டும்போது தவிடு நீங்கிவிடுவதால், வெள்ளையரிசி விரைவில் ஜீரணித்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது.

இந்தியருக்கு வயிற்றிலேயே கொழுப்பு மிகுதியாகச் சேருகிறது. ஆதலால் இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டலாகாது. இதனை அறியத் தையற்காரரின் நாடாவே போதும்.

இக்கடனை அடைக்க வழியுண்டு. நீரிழிவை நெருங்கியிருந்த 531 இந்தியரைப் பல பிரிவாக்கி நடத்திய ஆராய்ச்சியொன்று 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆகாரத்தை ஒழுங்குசெய்து தேகப்பயிற்சியும் கைக்கொள்ளுமாறு ஆலோசனை பெற்ற பிரிவினருக்கு, அந்நோய் காணும் அபாயம் நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் குறைந்தது.

சோற்றில் ஓர் அகப்பை குறைத்து, கீரையும் பயறும் கூட்டி, தினம் அரைமணி விரைந்து நடப்பவர் வட்டியோடு நில்லாமல் அசலையே அடைத்து வருகிறார்.