புளூ ஜுரமும் தடுப்பூசியும்

சென்ற ஐப்பசியில் மதுரைக்கு அருகேயுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். நூல் கொடுத்த கணக்கு சரியாக இருந்தது. ஜவுளி வரவு மட்டும் மூன்று வாரமாகக் குறைந்திருந்தது. காரணம் வினவியபோது, "வீட்டுக்கு வீடு ஜுரம், ஐயா" என்றார் எழுத்தர். நெய்பவர் நலமாயிருப்பினும் தார் சுற்றுபவர் படுத்துவிட்டால் தறி நிற்கிறது; தறி நின்றால் கூலியும் நிற்கிறது. நடவும் களையெடுப்பும் நடக்கும் மழைக்காலத்தில் ஆள் கிடைக்காமல் திண்டாடும் விவசாய அங்கத்தினர்களுக்கும் இது தெரிந்த துன்பமே. ஆதலின் இந்நோயைப் பற்றிச் சில செய்திகளை அறிந்துகொள்வது நலம்.

புளூ ஜுரத்தை உண்டாக்குவது இன்புளூயன்சா என்னும் வைரஸ் ஆகும். 1933-ஆம் ஆண்டில் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூன்று அறிஞர்கள் மனிதரைப் பற்றும் இவ்வைரஸைப் பிரித்தறிந்தனர். 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலொன்றின் வழியாக இதன் புதிய வகையொன்று சென்னைக்கு வந்து சேர்ந்தது. "ஆசியப் புளூ" என்று பெயர்பெற்ற அந்நோய் சில வாரங்களுக்குள் நாடெங்கும் பரவியது. 1958 பிப்ரவரி வரையில் பதிவானவர் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். இறந்தோர் ஆயிரத்துக்கு மேல். நம் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்புளூயன்சா மையம் அந்நோயை ஆராய்ந்தது.

ஒருமுறை அம்மை கண்டவருக்குப் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. புளூ மட்டும் மீண்டும் மீண்டும் வருவானேன்? இதனை நம் தொழிலைக் கொண்டே விளக்கலாம். கரையையும் முந்தியையும் பார்த்து, இன்ன ஊர்ச் சேலை என்று நாம் அடையாளம் காண்கிறோம் அல்லவா? அவ்வாறே நம் உடலும் வைரஸின் மேற்புறத்திலுள்ள ஹீமக்ளூட்டினின் என்னும் புரதத்தைக் கொண்டு அதனை அடையாளம் காண்கிறது. அதற்கேற்ற எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் இவ்வைரஸ் ஆண்டுதோறும் தன் கரையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. பழைய எதிர்ப்பொருள் புதிய கரையைச் சரிவர அறிவதில்லை. சில வேளை பறவைகளின் வைரஸும் மனித வைரஸும் கலந்து முற்றிலும் புதிய கரை தோன்றுவதுண்டு. 1957-இல் நிகழ்ந்தது இதுவே. அதனை முன்பு கண்டவர் அரிதாயிருந்ததால் அது தடையின்றிப் பரவியது.

எனினும் உடலின் நினைவு எளிதில் அழிவதில்லை. 2009-இல் பரவிய பன்றிக் காய்ச்சல் இளைஞரைப் பற்றிய அளவுக்கு முதியோரைப் பற்றவில்லை. அதற்கு ஓரளவு ஒத்த வைரஸ்கள் 1957-க்கு முன்னர் உலவியதால், இளமையில் அவற்றைக் கண்டவர்களுக்கு அந்த நினைவு பல ஆண்டுகள் கழித்தும் காப்பாக நின்றது.

தடுப்பூசி செய்வது இந்நினைவை நோயின்றி உண்டாக்குவதேயாகும். பெரும்பாலும் கோழி முட்டைக் கருவில் வைரஸை வளர்த்து, அதைச் செயலிழக்கச் செய்து, ஊசி மருந்தாக்குகின்றனர். செயலிழந்த வைரஸ் ஆதலால் ஊசியால் புளூ வராது; ஊசி போட்ட இடத்தில் வலியும், ஓரிரு நாள் உடல் அசதியும் தோன்றலாம். எவ்வகை வைரஸ்கள் உலவுகின்றன என்று ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை மருந்தின் கூறுகளை அறிவிக்கிறது. ஆகவே சென்ற ஆண்டின் ஊசி இவ்வாண்டுக்குப் போதாது.

இவ்வூசி முழுக் காப்பு அன்று என்பதையும் மறைத்தலாகாது. மருந்தும் வைரஸும் நன்கு பொருந்திய ஆண்டுகளில் நோயாளர் தொகையை நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைக்கிறது. நோய் கண்டவருக்கும் அதன் கடுமையைத் தணிக்கிறது. கரை மாறினும் மாறாதிருக்கும் புரதத்தின் அடிப்பகுதியைக் குறியாகக் கொண்டு, பல ஆண்டு காக்கும் ஊசியொன்றைக் காண அறிஞர்கள் முயன்று வருகின்றனர். அது இன்னும் பயனுக்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் புளூ மிகுவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். ஊசியின் காப்பு உண்டாக இரு வாரம் ஆகுமாதலால், புரட்டாசி முடிவதற்குள் போட்டுக்கொள்வது தக்கது. முதியோர், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், நீரிழிவு அல்லது ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்து இதனை முதலில் பெறவேண்டும். பஞ்சுத் தூசியில் உழன்று நெஞ்சு நலிந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. ஜுரம் கண்டவர் தனித்து ஓய்வு கொள்க. இருமும்போது வாயை மூடுக. மூச்சுத் திணறல் கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்க.

நூலை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளும் நாம், ஆவணியிலேயே அங்கத்தினர் குடும்பங்களின் பெயர்களைத் திரட்டி, மருத்துவர் ஒருவரைச் சங்கக் கட்டிடத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாகாதா? வரும் பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக வைத்து ஆராயுமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறேன். அந்தச் சங்கத்தின் ஜவுளிக் கணக்கில் இவ்வாண்டு ஐப்பசியேனும் குறைவின்றி இருக்கட்டும்.