விவாகரத்து ஆச்சா, இல்லையா? கோர்ட்டுக் காகிதத்தைத் தேடி எடுப்பது எப்படி



சென்ற வருஷம் வெம்பக்கோட்டை பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில், கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை மனுக்களை எழுதிக்கொண்டிருந்தோம். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஓர் அக்காவின் முறை வந்தது. "வீட்டுக்காரர் எங்கேக்கா?" என்று கேட்டோம். "அதெல்லாம் பதினோரு வருசத்துக்கு முன்னாடியே தீர்த்து விட்டாச்சு. பத்திரம் இருக்கு" என்று மஞ்சப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். இருபது ரூபாய் முத்திரைத்தாள். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்து. "இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதியிருந்தது. பதினோரு வருஷமாக அதை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறார்.

அந்த அக்காவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம். அது விவாகரத்து இல்லை. நோட்டரி முத்திரை வைத்திருந்தாலும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் வைத்து எழுதி வாங்கியிருந்தாலும் இல்லை. 1955-ம் வருஷ இந்து திருமணச் சட்டப்படி கல்யாணத்தை முறிப்பது நீதிமன்றம் மட்டும்தான். சில சமூகங்களில் பரம்பரையாக அத்து விடும் வழக்கம் இருந்தால் அதே சட்டத்தின் 29-வது பிரிவு அதை ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். பஞ்சாயத்துப் பத்திரத்தை மட்டும் நீட்டினால் செல்லாது.

அது போகட்டும். இந்த அக்கா விஷயத்தில் நாங்கள் எதிர்பார்க்காத இன்னொன்றும் இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறோம்.

எதற்கு இந்தக் காகிதம் என்று சிலர் கேட்பீர்கள். "அவன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, நான் உழைச்சுச் சாப்பிடுறேன்" என்று சொல்லும் அக்காமார் நம் கூட்டமைப்பில் நிறையப் பேர். நியாயம்தான். ஆனால் நாம் இருப்பது பட்டாசு ஊர். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம்: இந்த இரண்டு நாளையும் நம் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். விபத்தில் ஓர் ஆள் போய்விட்டால் நிவாரணம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பணம் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது வாரிசுச் சான்று. அதில் மனைவி என்று யார் பெயர் வரும்? கோர்ட்டுத் தீர்ப்பு இல்லை என்றால், பத்து வருஷம் பிரிந்து இருந்தாலும், முதல் கல்யாணம் கட்டியவர்தான் சட்டப்படி மனைவி. தீர்ப்பு இருந்தால் அவர் மனைவி இல்லை. பிள்ளைகளின் பங்கு மட்டும் அப்படியே இருக்கும். துக்க வீட்டில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று இதைப் பேசுவதைப் பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் யாரிடமும் காகிதம் இருப்பதில்லை.

மறுமணத்துக்கும் அது வேண்டும். தீர்ப்பு இல்லாமல் செய்யும் இரண்டாவது கல்யாணம் செல்லாது. அது குற்றமும் ஆகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 494-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 82-வது பிரிவாக இருக்கிறது.

சரி, எங்கே தேடுவது? பலரும் முதலில் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். அங்கே கிடைக்காது. பிறப்புச் சான்று, இறப்புச் சான்று மாதிரி "விவாகரத்துச் சான்று" என்று எந்த ஆபீசும் கொடுப்பதில்லை. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, தாசில்தார் கொடுக்கிற "கணவரால் கைவிடப்பட்டவர் சான்று" வேறு. அது நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும், கல்யாணம் முறிந்தது என்று சொல்லாது. விவாகரத்தின் ஒரே ஆதாரம் கோர்ட்டின் தீர்ப்பாணை. டிகிரி என்று சொல்வார்கள். நம் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர், ஆனால் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இது தெரியாமல் ஒரு நாள் கூலியை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

இந்து திருமண வழக்கு என்றால் ஹெச்.எம்.ஓ.பி. என்று ஓர் எண், பக்கத்தில் வருஷம் போட்டிருக்கும். குடும்ப நல நீதிமன்றத்திலோ, சார்பு நீதிமன்றத்திலோ (சப் கோர்ட் என்போம்) நடந்திருக்கும். எந்த ஊர் கோர்ட் என்பதைச் சட்டமே ஓரளவு காட்டிக் கொடுக்கிறது. கல்யாணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் குடியிருக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் - இந்த எல்லைகளில்தான் பொதுவாக வழக்குப் போட முடியும். 2003-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மனைவி வழக்குப் போட்டால் அவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஆகவே கல்யாணம் சாத்தூரில், குடித்தனம் திருப்பூரில் என்றால் இரண்டு பக்கமும் தேட வேண்டும். வழக்கு நடுவில் வேறு கோர்ட்டுக்கு மாறியிருந்தால் புது எண் விழுந்திருக்கும், பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அலையாதீர்கள்.

பழைய காகிதம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1985-ல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது நம் மாவட்டத்துக்குக் காமராஜர் மாவட்டம் என்று பெயர். 1997-ல்தான் விருதுநகர் மாவட்டம் ஆனது. அதனால் காமராஜர் மாவட்டம் என்று தலைப்பில் இருந்தால் பயப்பட வேண்டாம், அது நம் மாவட்டக் காகிதம்தான்.

கிறிஸ்தவத் தோழிகளின் வழக்கு 1869-ம் வருஷ விவாகரத்துச் சட்டப்படி நடக்கும், எண்ணுக்கு முன்னால் ஐ.டி.ஓ.பி. என்று இருக்கும். சபையிலோ பங்கிலோ கொடுக்கிற கடிதம் கோர்ட்டுத் தீர்ப்புக்கு ஈடாகாது. முஸ்லிம் தோழிகள் குலா கேட்கும் விஷயத்தில், ஜமாஅத் போன்ற தனி அமைப்புகள் கொடுக்கும் சான்று செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இப்போது செல்போனிலேயே தேடலாம். இ-கோர்ட்ஸ் என்ற அரசு இணையதளமும் செயலியும் இருக்கின்றன. மாநிலம், மாவட்டம், கோர்ட் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரும் வருஷமும் போட வேண்டும். இதற்குக் காசு கிடையாது. வழக்கு கிடைத்தால் சி.என்.ஆர். என்று 16 இலக்க அடையாளம் வரும். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு அது ஒன்றே போதும்.

இதில் தடுமாற்றம் வருவது பெயரில்தான். எல்லாம் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கும். மாரியம்மாள் என்ற ஒரு பெயரையே ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். முன்னால் சொன்ன அக்காவுக்காகத் தேடியபோது அவர் பெயரை நாலு விதமாகப் போட்டும் ஒன்றும் வரவில்லை. "பத்திரத்தோட சரி, கோர்ட்டுக்கெல்லாம் யாரும் போகலை" என்றார் அவர். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எங்களோடு வந்த ஊக்குநர்தான் "வீட்டுக்காரர் பேரைப் போட்டுப் பாருங்களேன்" என்றார். பெயரில் முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டு, ஒவ்வொரு வருஷமாக நகர்த்தினோம். வந்துவிட்டது. கணவர் போட்ட ஹெச்.எம்.ஓ.பி., எதிர்மனுதாரர் இந்த அக்கா. நாலு வருஷத்துக்கு முன்பே முடிந்திருந்தது. எக்ஸ்பார்ட்டி. எதிர்த்தரப்பு வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகியிருக்கிறது.

அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எனக்கு ஒரு சொல் சொல்லலையே" என்றார்.

ஒன்றைக் கவனியுங்கள். திரையில் "வழக்கு முடிந்தது" என்று வந்தாலே விவாகரத்து கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தள்ளுபடி ஆனாலும் முடிந்ததுதான், வாபஸ் வாங்கினாலும் முடிந்ததுதான். எப்படி முடிந்தது என்று கீழே இருக்கும், அதைப் பாருங்கள். அதேபோல் இருவரும் சம்மதித்துப் போடும் மனுவில், மனுப் போட்ட நாளையே விவாகரத்தான நாள் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்குச் சட்டம் ஆறு மாதக் காத்திருப்பு வைத்திருக்கிறது. 2017-ல் உச்சநீதிமன்றம் தகுந்த வழக்குகளில் கோர்ட் இதைத் தளர்த்தலாம் என்றது. எப்படியானாலும் தீர்ப்பு வரும் வரை நீங்கள் மனைவிதான்.

இணையத்தில் எல்லா வழக்கும் இருக்காது. பழைய வழக்கு என்றால் நேரில்தான் போக வேண்டும். குடும்ப வழக்குகளின் தீர்ப்பு திரையில் திறக்காமலும் இருக்கலாம், ஏனென்றால் இந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்தவும், விவரம் வெளியாகாமல் காக்கவும் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. நம் நன்மைக்குத்தான்.

வழக்கு எண் கிடைத்த பிறகு, அந்தக் கோர்ட்டுக்குப் போய் நகல் மனுக் கொடுக்க வேண்டும். வழக்கில் நீங்கள் மனுதாரராகவோ எதிர்மனுதாரராகவோ இருந்தால் உரிமையோடு கேட்கலாம். நகல் பிரிவு எது என்று சிரஸ்தாரிடம் கேளுங்கள், சொல்வார். வழக்கு எண், வருஷம், இரு தரப்புப் பெயர், தீர்ப்பு நாள், எந்தக் காகிதத்தின் நகல் வேண்டும் என்பதை எழுத வேண்டும். "தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டும்" என்றே எழுதுங்கள். தீர்ப்பில் காரணம் இருக்கும், தீர்ப்பாணையில் முடிவு மட்டும் இருக்கும். ஜீவனாம்சம், பிள்ளைகள் பற்றி ஏதாவது முடிவாகி இருக்கிறதா என்று பார்க்க இரண்டும் தேவைப்படும்.

பலருக்கும் தெரியாதது இது: இந்து திருமணச் சட்டம் 23-வது பிரிவின் 4-வது உட்பிரிவுப்படி, விவாகரத்துத் தீர்ப்பாணையின் ஒரு நகலை இரு தரப்புக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். அது உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள். உங்கள் வழக்கறிஞரின் கட்டிலேயே கிடக்கலாம்.

வாங்கும் நகலில் சான்று முத்திரையும், நகல் கேட்ட நாள், தயாரான நாள் எல்லாமும் இருக்க வேண்டும். அப்பீல் கெடுவைக் கணக்கிடும்போது நகலுக்காகக் காத்திருந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். வெறும் ஜெராக்ஸ் எதற்கும் ஆகாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று பயிற்சியில் ஒரு பிரதிநிதி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கோர்ட்டுக் கட்டில் உள்ள நகலுக்குக் கோர்ட் விதிப்படிதான் மனுக் கொடுக்க வேண்டும் என்று 2020-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் ஆள் கேட்டால் ஏன் வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் போட்டு கோர்ட்டின் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். அதனால், "எனக்கு விவாகரத்து ஆயிடுச்சு" என்று சொல்லி உங்கள் பெண்ணையோ தங்கையையோ கேட்டு வருகிறவரிடம், சான்றிட்ட நகலை அவரே கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அப்பீல் கெடு முடிந்ததா, அப்பீல் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நம் மாவட்டத்தில் குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்பு மேலான அப்பீல் மதுரைக் கிளைக்குப் போகும்.

அந்த அக்காவுக்கு நகல் வாங்கிப் பார்த்ததில், சம்மன் அவர் என்றோ விட்டு வந்த மாமியார் வீட்டு முகவரிக்குப் போயிருந்தது. பிறகு பத்திரிகை விளம்பரம். தீப்பெட்டி ஆபீசுக்குக் காலை ஏழு மணிக்குப் போகிறவர் அந்தப் பக்கத்தை எங்கே படிப்பார்? இப்படி முறையாகச் சம்மன் சேராமல் ஆன தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். விஷயம் தெரிந்த நாளில் இருந்து 30 நாள்தான் கெடு. ஆகவே தெரிந்த அன்றே தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது: தபால்காரர் கொண்டு வரும் பதிவுத் தபாலைப் பயந்து திருப்பி அனுப்பினால், "வாங்க மறுத்தார்" என்று எழுதுவார்கள், அது உங்கள் கையில் கொடுத்ததற்குச் சமம். கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுங்கள். வாங்கினால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை.

வக்கீலுக்குப் பணம் வேண்டுமே என்று நிற்காதீர்கள். 1987-ம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், தாலுகாக்களில் வட்டக் குழுவும் இருக்கின்றன. போனில் கேட்க 15100. அடி உதை மிரட்டல் இருந்தால் 181.

இலவச வழக்கறிஞர் அந்த அக்காவிடம் இரண்டு வழியையும் சொன்னார். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம், அல்லது தீர்ப்பை விட்டுவிட்டு ஜீவனாம்சம் மட்டும் கேட்கலாம். விவாகரத்து ஆனாலும், மறுமணம் செய்யாத வரை, பிழைக்க வழி போதாதவர் ஜீவனாம்சம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளைக்குத் தனியாகவும் கேட்கலாம். அக்கா ஒரு வாரம் யோசித்தார். "அந்த ஆளு வேண்டாம். எம் பிள்ளை படிப்புக்கு வேணும்" என்றார். ஜீவனாம்ச மனு இப்போது நடக்கிறது. லேமினேட் பத்திரத்தை என்ன செய்வது என்று கேட்டார். வழக்கறிஞர் அதையும் வாங்கிக் கட்டில் சேர்த்துக்கொண்டார், பிரிந்த வருஷத்துக்கு அது ஒரு சாட்சி.

குழுத் தலைவிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் காகிதங்களைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்காதீர்கள். தீர்ப்பில் என்னென்னவோ எழுதியிருக்கும், எல்லாம் உண்மையாகவும் இருக்காது. நோட்டில் வழக்கு எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

போகிற அன்று ஆதார், கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, பழைய வக்கீல் நோட்டீஸ் இருந்தால் அது, வெள்ளைத்தாள் நாலு எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, அப்போது போகாதீர்கள். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் உங்களுக்கு லீவு கிடைக்காது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் தீபாவளி முடிந்து ஆலைகள் திறக்கும் முன்னால் உள்ள நாட்களில் எங்களிடம் சொல்லுங்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே பஸ்ஸில் போய் வரலாம்.