கடைக்காரர் மறைந்த பின் குடும்பத்துக்கு நாம் செய்ய வேண்டியவை

நம் சங்க அன்பர் ஒருவர் காலமானால் கடையை அடைக்கிறோம். மாலை வாங்கிக்கொண்டு போகிறோம். பதினாறாம் நாள் காரியத்திலும் கலந்துகொள்கிறோம். அத்துடன் கடமை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். உண்மையில் அந்தக் குடும்பத்துக்குத் துணை வேண்டியிருப்பது அதற்குப் பிறகுதான். மளிகைக் கடைக்காரரின் வரவு செலவு பாதி நோட்டில் இருக்கும், பாதி அவர் மனதில் இருக்கும். உறவினர்கள் ஊர் திரும்பிய பின், கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் மனைவி மக்களுக்கு, "எல்லாம் விதி" என்ற சொல்லைவிட ஒரு வேலையை முடித்துக் கொடுக்கும் கைதான் பெரிய ஆறுதல்.

சான்றிதழ்கள்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தெரிவிப்பார்கள். வீட்டில் இறந்தால் குடும்பத்தார்தான் தெரிவிக்க வேண்டும். நாள் தவறினால் அலைச்சலும் அபராதமும் கூடும். அடுத்து வாரிசுச் சான்றிதழ். இதற்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்தால் வட்டாட்சியர் வழங்குவார். உயில் எழுதாமல் இறந்த இந்துவின் சொத்தில், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. வயதான தாயையும் மணமாகிப் போன மகளையும் மறந்துவிடக் கூடாது. மற்ற மதத்தினருக்குச் சட்டம் வேறு.

வங்கி

மறைந்தவர் முன்பே கையெழுத்திட்டு வைத்த காசோலையையோ, அவருடைய ஏ.டி.எம். அட்டையையோ யாரும் பயன்படுத்தக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் பின்னால் வாரிசுகளுக்குள் சச்சரவாகும். நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பாளரே. நாமினி என்பதால் மட்டும் முழுப் பணமும் அவருடையதாகிவிடாது. பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்தமாகி இருந்தால் அது பிரதமர் ஆயுள் காப்பீடு. 2 லட்சம் ரூபாய் கிடைக்க வழியுண்டு. 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது விபத்துக் காப்பீடு. வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தவரா என்றும் விசாரித்து, குடும்ப நல உதவிக்கு மனுக் கொடுக்க உதவுங்கள்.

உரிமமும் வரியும்

உணவுப் பாதுகாப்பு உரிமம், இறந்த நாளிலிருந்து 90 நாட்கள் குடும்பத்தாருக்குச் செல்லும். அதற்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்துவிட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவோ மறைந்தவருடைய பான் எண்ணைச் சார்ந்தது. கடையைத் தொடரும் வாரிசு 30 நாட்களுக்குள் தம் பெயரில் புதுப் பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். பழைய பதிவில் நிற்கும் உள்ளீட்டு வரியை ஐ.டி.சி.-02 படிவம் மூலம் மாற்றிக்கொண்ட பிறகே பழையதை ரத்து செய்ய வேண்டும். பங்குக் கடையாக இருந்து, ஒப்பந்தப் பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பங்குதாரர் இறந்ததுமே கூட்டு கலைந்துவிடும்.

கடனும் பாக்கியும்

மொத்த வியாபாரிகளாகிய நாம் இங்கே கவனமாக நடக்க வேண்டும். காரியம் முடியும் முன் பாக்கி கேட்டு வாசலில் நிற்பது முறையல்ல. பாக்கிக்கு ஈடாகச் சரக்கை எடுத்துச் செல்வது அதைவிடத் தவறு. பில் நகல்களுடன் கணக்கை எழுதிக் கொடுத்து, தவணை பேசிக்கொள்ளலாம். மறைந்தவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் கடனுக்குப் பொறுப்பு. அவர்கள் சொந்த உழைப்பில் சேர்த்ததிலிருந்து கேட்க முடியாது.

அவருக்குத் தர வேண்டியவர்கள் தாமாக வந்து சொல்வதே நாணயம். அந்தப் பாக்கியை நீதிமன்றம் மூலம் வசூலிக்க வாரிசுகள் இறங்குரிமைச் சான்று பெற வேண்டியிருக்கும். அது நாளும் பணமும் பிடிக்கும் வேலை. "கேட்க ஆளில்லை" என்று இருந்துவிடுகிறவர், துக்க வீட்டில் கை வைத்தவராவார்.

மனத்துக்குத் துணை

கடையை விற்பதா, வாடகை இடத்தைக் காலி செய்வதா என்ற முடிவுகளுக்கு அவசரப்படுத்தாதீர்கள். "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று முதல் வாரத்திலேயே விலை பேச வருகிறவர்களிடம் குடும்பத்தாருக்காக ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் முதன்முறையாகக் கல்லாவில் உட்காரும்போது, விலை போடவும் சரக்கின் தரம் பார்க்கவும் சில நாள் கூட இருந்து சொல்லிக் கொடுங்கள். மறைந்தவரின் பேச்சை எடுக்கக் கூடாது என்று எண்ண வேண்டாம். அவருடைய நல்ல குணங்களைச் சொல்லுங்கள். அவர்கள் அழுதால் அழட்டும். மூன்றாம் மாதமும், முதல் தீபாவளியும், திதி நாளும் கடினமானவை. அன்றைக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்த்து வாருங்கள்.

சாப்பாடும் தூக்கமும் பல வாரங்களாக இல்லாமல் இருந்தாலோ, "நானும் போய்விடுகிறேன்" என்ற பேச்சு வந்தாலோ அலட்சியம் கூடாது. தனியாக விடாமல், மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

ஒவ்வொரு தெருவிலும் இரண்டு உறுப்பினர்கள், ஒருவர் கணக்குக்கும் ஒருவர் அலுவலக வேலைக்கும் என்று பொறுப்பேற்றால் எந்தக் கடையும் திறக்கப்படாமலே போகாது. நம் பங்குக்கு, யாருக்குத் தர வேண்டும், யார் தர வேண்டும், பத்திரங்கள் எங்கே, நாமினி யார் என்று ஒரு நோட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டில் இன்றே சொல்லி வைப்போம்.