பிணை நிற்பவர் யார்?

கற்பனை விளையாட்டொன்றைப் பற்றி இந்த ஏட்டில் எழுதுவதா என வாசகர் கேட்கலாம். அந்த விளையாட்டின் சட்டங்கள் வளைகுடாவில் வாழும் எமக்கு மிகவும் பரிச்சயமானவை என்பதே என் பதில்.

1991இல் அமெரிக்காவில் வெளியான 'வம்பயர்: த மாஸ்கரேட்' பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. பலகையும் இல்லை, காய்களும் இல்லை. ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாம் செய்வதைச் சொல்கிறார்கள். முடிவு நிச்சயமற்ற இடத்தில் பத்துமுகத் தாயக்கட்டை தீர்க்கிறது. களம் இன்றைய மாநகரம். அங்கே மனிதர் அறியாமல் இரத்தக் காட்டேரிகளின் சமூகம் வாழ்கிறது. அதை ஆள நகருக்கு ஓர் 'இளவரசர்', ஆறு மரபுச் சட்டங்கள்.

அவற்றில் இரண்டு இங்கு முக்கியமானவை. முதலாவது: புதிதாக வருபவர் ஆட்சியாளர் முன் தோன்றி ஏற்பைப் பெறவேண்டும், பெறாதவருக்கு அந்நகரில் இருப்பே இல்லை. இரண்டாவது: ஒருவரைக் காட்டேரியாக்கியவர், விடுவிக்கும்வரை அவருக்குக் கட்டளையிடலாம், ஆனால் அவர் புரியும் குற்றங்களுக்கும் ஆக்கியவரே பொறுப்பு.

தேர்ந்த ஆட்டக்காரர் இளவரசரோடு நேரே மோதுவதில்லை. மூத்தவர் ஒருவருக்கு உதவி, அந்த நன்றிக்கடனை வேண்டிய வேளையில் அறவிடுவார். இங்கு அதற்கு நெருங்கிய சொல் 'வாஸ்தா'.

கபாலா முறையில் இவ்விரு சட்டங்களின் சாயலைக் காணலாம். வதிவிட விசா வேலை தருபவரோடு கட்டப்பட்டுள்ளது. 'தலைமறைவு' என்று அவர் முறைப்பாடு செய்தால் தொழிலாளியின் சட்டபூர்வ இருப்பே கேள்விக்குள்ளாகும். ஆறு வளைகுடா அரசுகளில் எதுவும் 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் இணையவில்லை. ஐரோப்பாவில் அகதியாக விண்ணப்பிக்கக்கூடியவர் இங்கு தொழிலாளி மட்டுமே. விரிவுரையாளராக இருந்த நான் இந்தத் தொழிற்சாலை வேலையை இழந்தால், சம்பளத்தோடு இங்கு வாழும் உரிமையும் போகும்.

ஆனால் கபாலா என்ற அரபுச் சொல்லின் பொருள் பிணை. இஸ்லாமியச் சட்ட மரபில் பிணை நின்றவர் அடுத்தவரின் கடனுக்குப் பொறுப்பேற்கிறார். விளையாட்டின் இரண்டாவது சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நடைமுறையிலோ கட்டளை கீழே வருகிறது, பொறுப்பு மேலே போவதில்லை. ஏஜென்சிக்குக் கட்டிய கடனை வட்டியோடு சுமப்பவர் தொழிலாளியே.

எதுவும் மாறவில்லை என்பதும் பிழை. கட்டாரில் 2020 முதல் முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறலாம். 2022இல் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிற்சட்டம் தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பறித்து வைப்பதைத் தடுக்கிறது. அங்கு 2016 முதல் வேலை ஒப்பந்த முன்மொழிவைத் தமிழிலும் பெறலாம். விளையாட்டில் விதிநூலை எல்லோரும் படிக்கலாம், கதைசொல்லியோடு வாதாடலாம். இங்கும் கையொப்பமிடுமுன் தமிழ்ப் பிரதியைக் கேட்டுப் படிப்பதே முதல் நகர்வு.

கபாலாவை ஒழிக்கவேண்டும் என ஐரோப்பாவிலிருந்து நண்பர்கள் எழுதுகிறார்கள். எனக்கும் உடன்பாடே. ஆயின் அகதிச் சட்டமில்லாத நாட்டில், கபீல் போனபின் திரும்பிச் செல்ல முடியாதவருக்குப் பிணை நிற்பவர் யார்? இதையும் சேர்த்து விவாதிப்போம்.