ரெண்டு ஊர்ப் பிள்ளைகளின் மனசு

ஜூன் மாதம் பிறந்தால் போதும்... அமெரிக்காவிலிருந்து பேரன் பேத்திகள் வந்து இறங்கிவிடுவார்கள். கூடவே வீட்டுக்கு வீடு ஒரு புலம்பல்! "நான் சொல்றது எல்லாம் புரியுது. பதில் மட்டும் இங்கிலீஷ்லதான் சொல்றான்!"

திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டுப் புரிந்துகொள்வது வேறு, வாயால் பேசுவது வேறு. பள்ளிக்கூடம், விளையாட்டு எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கும்போது, தமிழ் வார்த்தை நாக்குக்கு வர நேரம் பிடிக்கும். அதற்குள் நாலு பேர் சிரித்துவிட்டால் அடுத்த தடவை வாயே திறக்க மாட்டான்.

"ரெண்டு மொழி பேசினால் குழந்தைக்குப் பேச்சு வர லேட்டாகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்டில் தமிழையே நிறுத்திவிட்ட பெற்றோர் உண்டு. பாவம், தேவையே இல்லாத தியாகம்! இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஒவ்வொரு மொழியிலும் தெரிந்த சொற்கள் சற்றுக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் கூட்டினால் கணக்கு சரியாகிவிடும். "எனக்கு மில்க் வேண்டாம்" என்று கலந்து பேசுவதும் இயல்புதான். ஆனால் இரண்டு வயது முடிந்தும் எந்த மொழியிலுமே இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? மொழி மேல் பழிபோட்டுக் காத்திருக்காமல், முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள்.

வளர வளர, மொழியைவிடப் பெரிய சிக்கல்கள் வரும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைப் பார்த்து வகுப்பில் யாராவது மூக்கைப் பிடித்தால், டிபன் பாக்ஸ் திறக்காமலே வீடு திரும்பும். தோழி வீட்டில் இரவு தங்குவது அங்கே சகஜம்; நம் வீட்டிலோ "பொம்பளைப் பிள்ளை, அதெல்லாம் கூடாது." இடம் பார்த்து நடந்துகொள்வதில் தப்பில்லை, நாமும் ஆபீசில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரிதானே! வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து வாழ ஆரம்பித்தால்தான் ஆபத்து. தூக்கம் கெடுவது, எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுவது, அறைக்குள்ளேயே அடைந்துகிடப்பது... இவை நீடித்தால் மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

சரி, பிள்ளை எந்தப் பக்கம் சாய்ந்தால் நல்லது? கனடாவின் உளவியல் அறிஞர் ஜான் பெர்ரியும் குழுவினரும் 13 நாடுகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மனநலம், பள்ளி வாழ்க்கை இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, சொந்தப் பண்பாட்டையும் விடாமல் புது நாட்டோடும் ஒட்டிக்கொண்டவர்களே நன்றாக இருந்தார்கள். "நீ இந்தியனா, அமெரிக்கனா?" என்று விருந்தாளி முன்னால் விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள்.

போனில் "சாப்ட்டியா?" என்று கேட்டால் "ம்" என்று முடிந்துவிடும். "தோசை எப்படிச் சுட்டே, பாட்டிக்குச் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். "தோசையை டர்ன் பண்ணினேன்" என்பான். "ஓ, திருப்பிப் போட்டியா! அப்புறம்?" என்று சரியான சொல்லைச் சேர்த்து, பேச்சை ஓட்டுங்கள்.