பெரிய கார் வாங்கினால் போதுமா, டயரைப் பார்க்க வேண்டாமா?



உத்திரமேரூர் பக்கம் மானாம்பதியில் வசிக்கும் 58 வயது இல்லத்தரசி நான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது; சைக்கிள் கூட ஓட்டியதில்லை. அப்படிப்பட்டவள் கார் டயரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இன்று நம்மில் பலருடைய பிள்ளைகள் கனடா, அமெரிக்கா என்று பனி கொட்டும் ஊர்களில் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

என் ஒரே மகள் கனடாவில், டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்காக 2025 ஜனவரியில் அங்கே போனேன். ஸ்கார்பரோவில் நம் தமிழ் ஜனங்கள் நிறைய. கடைகளில் முருங்கைக்காய், கருவேப்பிலை எல்லாம் கிடைக்கிறது. குளிர் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நம்ம ஊர் மாதிரிதான்.

மாப்பிள்ளை தங்கமானவர். போன கோடையில்தான் ஆசைப்பட்டு ஒரு பெரிய வெளிநாட்டுக் கார் வாங்கியிருந்தார். செகண்ட் ஹேண்ட்தான் என்றாலும் பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். தோல் சீட்டு, உட்கார்ந்தால் சீட்டே சூடாகும். "உக்காந்து பாருங்க அத்தை, அடுப்பு பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கும்" என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். பெட்டி மாதிரியிருக்கும் சின்னக் கார்களை வைத்திருக்கும் தெருவில் இது ஒன்றுதான் ராஜா மாதிரி நிற்கும்.

ஆனால் பனி விழுந்தால் ராஜாவுக்குக் கால் எழும்பாது. வீட்டு வாசலில் கொஞ்சம் சரிவு. பனி அள்ளும் வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரப்பு மாதிரி பனியைக் குவித்துவிட்டுப் போய்விடும். பக்கத்து வீட்டுச் சின்னக் கார்கள் அதைத் தாண்டிப் போய்விடும். எங்கள் காரின் பின்சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே கிர்ர் என்று சுற்றும். மாப்பிள்ளை இறங்கி மண்வெட்டியால் தள்ளுவார், மறுபடி ஏறுவார், மறுபடி சுற்றும்.

எனக்கு அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. நம்ம ஊரில் சேற்று வயலில் டிராக்டர் மாட்டினால் இப்படித்தானே சுற்றும்! ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை படித்தவர், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். மாமியார், அதுவும் மானாம்பதியிலிருந்து வந்தவள், அவர் ஆசையாக வாங்கின காரைப் பற்றிக் குறை சொன்னால் என்ன நினைப்பார்? மகளுக்குத்தான் சங்கடம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். சகோதரிகளே, நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

பிப்ரவரி 12-ந் தேதி ராத்திரி தொடங்கிய பனி மறுநாள் காலையிலும் விட்டபாடில்லை. 13-ந் தேதி மகளுக்கு டாக்டர் செக்கப். கிளம்பினோம். நானும் மகளும் பின்சீட்டில். ஒரு இறக்கம் முடிந்து சிக்னலில் இடது பக்கம் திரும்ப வேண்டும். மாப்பிள்ளை திருப்பிக்கொண்டே ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தார். அவ்வளவுதான். காரின் பின்பக்கம் பாம்பு வால் மாதிரி ஒரு வீச்சு வீசியது. கண் மூடித் திறப்பதற்குள் கார் அரை வட்டம் சுற்றி, பின்சக்கரம் நடைபாதை ஓரக்கல்லில் டம்மென்று இடித்து, வந்த வழியைப் பார்த்து நின்றது. எதிரே ஒரு டவுன் பஸ். நல்லவேளை, அந்த டிரைவர் மெதுவாக வந்ததால் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டார். மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாருக்கும் அடியில்லை. மாப்பிள்ளையின் கை மட்டும் வெகுநேரம் நடுங்கியது.

இரண்டு வீடு தள்ளி யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எண்பதுகளில் அங்கே போய், பல வருஷம் டாக்சி ஓட்டியவர். நாங்கள் திரும்பி வந்ததும் விவரம் கேட்டுவிட்டு, குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, உது நல்ல கார்தான். ஆனா சினோவுக்குக் காரின்ர பேர் தெரியாது. அதுக்கு டயரை மட்டும்தான் தெரியும். விண்டர் டயர் போடேல்லையே?"

"ஆல் சீசன் டயர்தானே ஐயா, எல்லா சீசனுக்கும் ஆகும்னு விட்டுட்டேன். கார்ல வழுக்காம இருக்க கம்ப்யூட்டர் வேற இருக்கு."

பெரியவர் பொறுமையாக விளக்கினார். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சாதாரணச் சின்னக் கார்களில் என்ஜின் முன்னால். அந்த முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கும். என்ஜினின் பாரம் முழுவதும் அந்தச் சக்கரத்தின் மேலேயே அழுந்துவதால் பிடிப்பு இருக்கும். இந்த மாதிரிப் பெரிய கார்கள் பலவற்றில் என்ஜின் முன்னால் இருக்கும், ஆனால் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். அதன் மேல் பாரம் அந்த அளவுக்கு இல்லை. காய்ந்த ரோட்டில் ஓட்ட இதுதான் சுகம் என்பார்கள். பனியில் கதை வேறு. மாடு முன்னால் இழுக்கிற வண்டி சேற்றிலும் நேராகப் போகும். ஆள் பின்னாலிருந்து தள்ளுகிற தள்ளுவண்டி கோணிக்கொண்டு போகும். அதே மாதிரிதான்.

அடுத்தது டயர். குளிர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால், சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்த சப்பாத்தி மாவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். விண்டர் டயர் குளிரிலும் மெத்தென்று இருக்கிற ரப்பரில் செய்தது. அதன் மேல் கத்தியால் கீறின மாதிரி நிறையச் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். அவைதான் பனியைக் கவ்விப் பிடிக்கும். மலையும் அதற்குள் ஒரு பனித்துளி வடிவமும் போட்ட முத்திரை டயரின் பக்கவாட்டில் இருக்கும். பார்த்து வாங்க வேண்டும்.

"அப்ப கம்ப்யூட்டர்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. வண்டி சறுக்காமல் காக்கும் அந்தக் கருவி, 2011 செப்டம்பரிலிருந்து கனடாவில் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமாம். ஆனால் அது செய்வதெல்லாம் என்ஜின் வேகத்தைக் குறைப்பதும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் கொடுப்பதும்தான். டயருக்கே பிடிப்பில்லை என்றால் கருவி எதைப் பிடிக்கும்?

அன்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது மெல்ல ஆரம்பித்தேன். "மாப்பிள்ளை, தப்பா நெனைக்காதீங்க. எங்க கல்யாணம் 1988 ஐப்பசியில. நல்ல மழை. பொண்ணு மாப்பிள்ளை வந்த அம்பாசடர் கார் ஏரிக்கரையில மாட்டிக்கிச்சு. அதுவும் பின்சக்கரம் ஓடுற வண்டிதான். டிரைவர் என்ன பண்ணாரு தெரியுமா? ரெண்டு பசங்களை டிக்கி மேல ஏறி உக்காரச் சொல்லிட்டு, சக்கரத்துக்கு அடியில வைக்கோலைப் போட்டு மெதுவா எடுத்தாரு. வந்துடுச்சு. வயல்ல ஓட்டற டிராக்டருக்குக்கூட பின் டயர்ல தண்ணி ஏத்துவாங்க, பாரத்துக்கு. உங்க கார் அன்னிக்கி வாசல்ல சுத்தும்போதே எனக்கு இது ஞாபகம் வந்துச்சு."

மாப்பிள்ளை கையில் எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். "அத்தை, முதல் நாளே சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லலை?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் கோபித்துக்கொள்வார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, என் மகள் உயிரையும் பேரப்பிள்ளை உயிரையும் பணயம் வைத்திருக்கிறேன்!

மறுநாளே பெரியவர் தெரிந்த கடையில் சொல்லி, நான்கு விண்டர் டயரும் போட வைத்தார். ஆயிரம் டாலருக்கு மேலே ஆனது. "பின்சக்கரம்தானே ஓடுது, ரெண்டு போதாதா?" என்று கேட்டதற்கு, "வேண்டாம் தம்பி. பின்னுக்கு மட்டும் போட்டா வண்டி போகும், ஆனா திரும்பாது, நிக்காது" என்றார். டிக்கியில் 20 கிலோ மணல் மூட்டை இரண்டு வைத்து, உருளாமல் கட்டினார்கள். அதுவும் அளவாகத்தான் இருக்க வேண்டுமாம். பாரம் கூடினால் பிரேக் போட்டதும் வண்டி நிற்க நேரமாகும். கட்டாத மூட்டை நம் மேலேயே வந்து விழும்.

15-ந் தேதி மறுபடி பனி. 16-ந் தேதி விடியற்காலை 2 மணிக்கு மகளுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம், வரச் சொன்னார்கள். வாசலில் முழங்கால் உயரம் பனி. மாப்பிள்ளை வழி வெட்டினார், நான் மணலைத் தூவினேன். கார் ஒரு தடவை சிணுங்கிவிட்டு ஏறிவிட்டது. 20 நிமிஷ வழியை முக்கால் மணி நேரம் ஓட்டினார். ஒரு இடத்திலும் வால் ஆடவில்லை. வழியெல்லாம் எங்கள் ஊர் அம்மனை வேண்டிக்கொண்டே போனேன். காலையில் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம்.

பனி நாட்டில் பிள்ளைகள் இருக்கிற சகோதரிகள், அடுத்த முறை போனில் பேசும்போது "சாப்பிட்டியா" என்பதோடு "விண்டர் டயர் போட்டியா" என்றும் கேளுங்கள். கனடாவில் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. பலர் கேட்டு வாங்குவதில்லை.

பெரியவர் சொன்ன வேறு சில குறிப்புகள்: பின்பக்கம் சறுக்கினால் பதறிப்போய்ப் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய பக்கம் பார்த்தபடி, பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும். பாலத்தின் மேல் முதலில் உறையும். ரோடு வெறுமனே ஈரமாக இருப்பது போலத் தெரிந்தாலும் மெதுவாகப் போக வேண்டும். பனியில் மாட்டிக்கொண்டு என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தால், முதலில் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அள்ளிவிட வேண்டும். குழாய் அடைத்தால் விஷவாயு காருக்குள் வரும்; அதற்கு வாசனையே கிடையாது. காரில் எப்போதும் ஒரு போர்வை, சின்ன மண்வெட்டி, மணல் இருக்கட்டும். மணல் கிடைக்காவிட்டால் பூனை வளர்ப்பவர்கள் வாங்கும் மண்ணைப் போட்டாலும் சக்கரம் பிடிக்குமாம்!

"எங்களுக்கு ஏது பனி?" என்று கேட்காதீர்கள். 2020-ல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, மணாலி பக்கம் பனி பார்க்க நம்ம ஊர்க்காரர்களும் டூர் போகிறார்கள். அங்கே பனி நேரத்தில், வண்டி பெரிசா என்று பார்க்காமல், டயருக்குச் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

நம்ம ஊர் மழைக்கும் இதே பாடம்தான். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் டயரைப் பார்த்தேன். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். இவருடையது மொட்டையாகவே இருந்தது! "இன்னும் ஒரு வருஷம் ஓடும்மா" என்றார். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. மறுநாளே மாற்றிவிட்டார்.

நமக்கு வண்டி ஓட்டத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அதில் ஏறி உட்காருகிறவர்கள் நம் பிள்ளைகள். மனதில் பட்டதைப் பக்குவமாகச் சொல்லிவிடுவோம், சகோதரிகளே. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

— வாசகி ஒருவர், மானாம்பதி