பிரெஸ்லாவ் எங்கே போனது?

ஃபாரன்ஹீட் அளவையைத் தந்த விஞ்ஞானி 1686இல் டான்சிக்கில் பிறந்தார். தத்துவவாதி ஷோபன்ஹவருக்கும் அதே ஊர்தான். இன்றைய வரைபடத்தில் டான்சிக் கிடையாது. போலந்தின் பால்டிக் கரையில் கதான்ஸ்க் இருக்கிறது. அதுபோலவே பிரெஸ்லாவ் இன்று விரோத்ஸ்வாஃப், ஸ்டெட்டின் ஷ்செச்சின்.

1945 பாட்ஸ்டாம் மாநாட்டுக்குப் பின் ஓடர், நைசே ஆறுகளுக்குக் கிழக்கே இருந்த ஜெர்மானிய நிலத்தில் பெரும்பகுதி போலந்தின் கைக்கு வந்தது. அங்கிருந்த ஜெர்மானியர்கள் லட்சக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். ‘மீட்கப்பட்ட நிலங்கள்’ என்று அரசு முழங்கியது. மீட்டது என்றால் ஜெர்மன் எழுத்து இருக்கலாமா? கடைப் பலகைகளிலிருந்து மட்டுமல்ல, கல்லறைகளிலிருந்தும் சுரண்டி எடுத்தார்கள்.

ஊர்ப் பெயர்களை முடிவு செய்ய 1946இல் ஒரு குழு உட்கார்ந்தது. பல ஊர்களுக்குப் பழைய ஸ்லாவியப் பெயர் ஏடுகளில் இருந்தது. தூசி தட்டினால் போதும். இல்லாத இடத்தில் புதிதாகச் சூட்டினார்கள். ரைஹென்பாக் நகரம் கொஞ்ச காலம் ரிஹ்பாஹ் என்று வழங்கி, கடைசியில் ஜெர்ஜோனியூஃப் ஆனது. ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்தே பிறக்கிறது என்று கண்டறிந்த யான் ஜெர்ஜோன் என்ற பாதிரியாரின் நினைவாக வைத்த பெயர் அது. அவருடைய தேனீ ஆய்வுகள் முதலில் வெளிவந்தது ஜெர்மன் மொழியில் என்பது தனி வேடிக்கை.

ஆனால் எல்லா ஜெர்மன் பெயர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பிரெஸ்லாவ் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாயில் புழங்கிய பெயர். மீன்பிடிக் கிராமமாக இருந்து 1920களில் போலந்து துறைமுகமாக வளர்த்தெடுத்த கிடினியாவுக்கு, 1939இல் நாஜிகள் சூட்டிய ‘கோட்டன்ஹாஃபன்’ அப்படியா? வூச் நகரை 1940இல் ஒரு ஜெர்மானியத் தளபதியின் பெயரால் ‘லிட்ஸ்மன்ஷ்டாட்’ ஆக்கியதும் அதே ரகம்தான்.

போலந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடித்திருக்கிறது. சிறுபான்மையினர் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலோ, ஊரார் கருத்துக்கேட்பில் ஆதரித்தாலோ, பலகையில் போலிஷ் பெயருக்குக் கீழே அவர்கள் மொழிப் பெயரையும் எழுதலாம். ஜெர்மானியச் சிறுபான்மையினர் வாழும் ஓபோலே வட்டாரத்தில் இருமொழிப் பலகைகள் நிற்கின்றன. சிலவற்றில் விஷமிகள் பெயின்ட் பூசியதும் உண்டு. 1933 முதல் 1945 வரை நாஜி அரசு சூட்டிய பெயர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஓர் இடத்தில் ஜெர்மன் பெயரைப் போலந்தே வலிந்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஊரின் பெயர் ஒஷ்வியென்சிம். அங்குள்ள வதைமுகாமின் பெயர் ஆஷ்விட்ஸ். போலந்தின் கோரிக்கையை ஏற்று, அது ‘ஜெர்மானிய நாஜி’ முகாம் என்பதையும் 2007இல் யுனெஸ்கோ அதிகாரப்பூர்வப் பெயரிலேயே சேர்த்தது.